குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

குப்பைக் கிடங்குக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஏதோ ஒரு கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வந்த தாளைக் குடிநீர் வரம்புகளோடு ஒப்பிட்டு, "எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பல இடங்களில் கண்காணிப்பு என்பது இவ்வளவுதான். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் உருப்படியான எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லவும் இல்லை. அந்தத் தண்ணீர் கிடங்கின் அடியிலிருந்து வந்ததா, வேறு திசையிலிருந்து வந்ததா? எந்த ஆழத்து நீர் அது? கிடங்கு வருவதற்கு முன் எப்படி இருந்தது? இந்த மூன்றும் தெரியாமல், குளோரைடு லிட்டருக்கு 135 மில்லிகிராம் என்றால் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் பார்த்தவரை, இந்த வேலை கெடுவது ஆய்வகத்தில் மிக அரிது. களத்தில்தான் கெடுகிறது, அதிலும் பெரும்பாலும் கிணறு போடும் நாளிலேயே கெட்டுவிடுகிறது. அதனால் கீழே கிணற்றுக்கும் நீர்மட்ட நாடாவுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கசிவுநீரின் அடையாளம்

குப்பை மேல் பெய்யும் மழையும் குப்பைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரமும், வழியில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. அதுதான் கசிவுநீர், துறையில் லீச்சேட் என்பார்கள். புதிய குப்பையின் கசிவுநீர் அமிலத்தன்மையோடு, கரிமப் பொருள் மிகுந்து, மூக்கைப் பொத்த வைக்கும். வருடங்கள் போய், உள்ளே மீத்தேன் உண்டாகும் கட்டம் தொடங்கியதும் பி.எச். 7-ஐத் தாண்டும், கரிமப் பொருள் குறையும். அம்மோனியா மட்டும் பல பத்தாண்டுகள் கழிந்தும் எளிதில் இறங்காது.

வீட்டுக் குப்பை என்றதும் ஈயம், காட்மியம், பாதரசம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பழைய கிடங்குகளின் கசிவுநீரில் இவை பொதுவாகக் குறைவு. சல்ஃபைடாகவும் கார்பனேட்டாகவும் குப்பைக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. தொழிற்சாலைக் கழிவு கொட்டப்பட்ட இடம் என்றால் கதை வேறு. ஆகவே ஊகிக்க வேண்டாம்: சேகரிப்புத் தொட்டியிலிருந்தோ, மேட்டின் அடியில் ஊறி வரும் இடத்திலிருந்தோ கசிவுநீரையே எடுத்து முழுமையாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். அந்தப் பகுதியின் இயல்பான நிலத்தடி நீரில் இருப்பதைவிட எது பல மடங்கு அதிகமாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் கிடங்கின் கைரேகை. பிறகு கிணறுகளில் தேட வேண்டியதும் அதைத்தான்.

இரண்டாம் படி: நீர் எந்தப் பக்கம் போகிறது?

தரை சாய்ந்திருக்கும் பக்கமே நிலத்தடி நீரும் போகும் என்று நம்புவது சுலபம். பல இடங்களில் அது சரியாகவும் இருக்கும். சரியில்லாத இடத்தில், மொத்தத் திட்டமும் தலைகீழாகிவிடும்.

ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் இருந்தால் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு கிணற்றுக் குழாயின் விளிம்பிலும் ஒரு புள்ளியை அழியாத மையால் குறித்து, கடல்மட்டம் போன்ற ஒரு பொது மட்டத்திலிருந்து அதன் உயரத்தை நில அளவையாளரைக் கொண்டு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்துகொள்ளுங்கள். மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரே நாளில், ஒரே நாடாவால், அதே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். விளிம்பின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் உயரம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் கிணற்றின் விளிம்பு உயரம் 52.34 மீட்டர், நீர் 6.12 மீட்டர் ஆழத்தில். இரண்டாவது 51.87, ஆழம் 6.05. மூன்றாவது 50.96, ஆழம் 5.66. ஆழத்தை மட்டும் பார்த்தால் மூன்றாவது கிணற்றில்தான் தண்ணீர் 'மேலே' இருப்பதுபோல் தோன்றும். கழித்துப் பாருங்கள்: 46.22, 45.82, 45.30. உண்மையில் அதுதான் மூன்றிலும் தாழ்ந்த நீர்மட்டம். முதல் கிணற்றுக்கும் மூன்றாவதற்கும் இடையே 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டில் 45.82 வரும் இடம், முதல் கிணற்றிலிருந்து ஏறக்குறைய 87 மீட்டரில் விழும். அந்தப் புள்ளியையும் இரண்டாவது கிணற்றையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அது சம நீர்மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி வரையும் அம்புக்குறியே நீரின் திசை. வரைபடத்தாளும் அளவுகோலும் போதும், கணினி தேவையில்லை.

இதை ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் ஏரி, ஆறு நிரம்பினாலும், பக்கத்தில் பெரிய பம்பு ஓடினாலும் அம்பு திரும்பும். அடித்தளத் தடுப்பு இல்லாத பழைய குப்பைமேடு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: மேட்டுக்கு அடியில் நீர்மட்டமே குவிந்து உயர்ந்து, நான்கு பக்கமும் வழியும். 'மேல்திசை', அதாவது நீர் கிடங்கை நோக்கி வரும் பக்கம், என்று நீங்கள் நம்பியிருக்கும் கிணறும் அப்போது கசிவுநீரைப் பெறும். நான் ஒரு கிணற்றை இரண்டு ஆண்டுகள் சுத்தமான ஒப்பீட்டுக் கிணறாக வைத்திருந்தேன். மாதம்தோறும் மட்டம் அளக்கத் தொடங்கிய பிறகுதான், மழைக்காலத்து மூன்று மாதங்கள் அது கிடங்குக்குக் கீழ்த்திசையில், அதாவது நீர் கிடங்கைக் கடந்து வெளியேறும் பக்கத்தில், இருப்பது தெரிந்தது. இரண்டு ஆண்டு ஒப்பீடுகளையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. முதல் ஆண்டிலாவது மாதம் ஒருமுறை மட்டம் அளந்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

திசை கிடைத்ததும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மண்ணின் நீர் ஊடுருவு திறனை நீர்மட்டச் சரிவால் (மட்ட வேறுபாட்டைத் தொலைவால் வகுத்தது) பெருக்கி, நீர் ஓடக்கூடிய துளைகளின் விகிதத்தால் வகுத்தால் போதும். ஊடுருவு திறன் நாளுக்கு 5 மீட்டர், சரிவு 0.004, துளை விகிதம் 0.25 என்றால் நாளுக்கு 8 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 29 மீட்டர். கிடங்கிலிருந்து 60 மீட்டரில் இருக்கும் கிணற்றை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று பொருள். விரிசல் பாறையில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே நீர் சில விரிசல்கள் வழியாக எதிர்பாராத வேகத்தில் ஓடிவிடும்.

மூன்றாம் படி: எத்தனை கிணறு, எங்கே?

சட்டங்கள் சொல்வது குறைந்தபட்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு கிடங்கு உத்தரவு, நீர் உள்ளே வரும் பக்கம் ஒரு புள்ளி, வெளியேறும் பக்கம் இரண்டு புள்ளிகள் என்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நீரைக் கோடை, மழை, மழைக்குப் பிந்தைய காலம் என்று பருவங்கள்தோறும் கண்காணிக்கச் சொல்லின. அமெரிக்க விதிகளில் இணக்கத்தைச் சோதிக்கும் புள்ளி, கழிவு எல்லையிலிருந்து 150 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கிணறு கிடங்கை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் பொதுவான கருத்து. தொலைவில் இருக்கும் கிணறு, பாதிப்பு வந்து சேர்ந்த பிறகுதான் வாய் திறக்கும். அதற்காகக் குப்பைக்குள் துளை போட்டுவிடாதீர்கள். அடித்தளத் தடுப்பைத் துளைத்தால் கசிவுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகும்.

மாசுத் திரள் விசிறிபோல அகலமாக விரியும் என்று பலர் படம் வரைகிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் அது பக்கவாட்டில் அவ்வளவு பரவுவதில்லை. நீண்டு ஒடுங்கிய நாக்குபோலப் போகும். 200 மீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு கிணறுகளுக்கு நடுவே அது நழுவிப் போய்விடலாம். செலவு இருபது கிணற்றுக்குத்தான் இடம் தரும் என்றால், மேல்திசையில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் கீழ்த்திசையில் நெருக்கமாகப் போடுவேன்.

ஆழம் இன்னும் முக்கியம். நீர் உள்ளே வருவதற்காகப் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குத் துளையிட்ட குழாய் உள்ள கிணறு ஒன்று. மாசு நீர் அதில் ஒன்றரை மீட்டர் அடுக்கில் மட்டும் ஓடுகிறது, குளோரைடு 800 மி.கி./லிட்டர். மீதி பத்தரை மீட்டரில் நல்ல நீர், குளோரைடு 40. கிணற்றில் இவை இரண்டும் கலந்து வருவது 135. மேலே சொன்ன அந்த 135 இதுதான். குடிநீர் வரம்பான 250-க்குக் கீழே, பார்க்க நல்ல தண்ணீர்! துளைக்குழாயின் நீளத்தை மூன்று மீட்டருக்குள் வைத்து, ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களுக்கு இரண்டு மூன்று கிணறுகள் அமைப்பது இந்த மறைப்பைத் தவிர்ப்பதற்குத்தான். மேலிருந்து மழைநீர் இறங்க இறங்க மாசு அடுக்கு கீழே அழுந்திப் போகும் என்பதால், தொலைவு கூடக் கூட ஆழமான கிணறுகளுக்கு மதிப்பு அதிகம்.

சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் பட்டியலிட்டுச் சோதியுங்கள். அது மக்களின் பாதுகாப்புக்காக. கண்காணிப்புக் கிணறுக்கு அவை மாற்றாகா. எந்த ஆழத்து நீர் எவ்வளவு கலக்கிறது என்பது அவற்றில் தெரிவதில்லை.

நான்காம் படி: கிணறு கட்டுவது

குழாய் பி.வி.சி.யாக இருக்கலாம், இணைப்பு மட்டும் மரையாக இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டினால், பசையில் உள்ள கரைப்பான் மாதக்கணக்கில் நீரில் இறங்கி, ஆய்வக அறிக்கையில் 'கரிம மாசு' என்று வந்து நிற்கும். துளைக்குழாயைச் சுற்றிக் கழுவிய மணல், அதன் மேல் குறைந்தது அரை மீட்டருக்குப் பென்டோனைட் (ஈரத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும்) களிமண், அதன் மேல் சிமென்ட் கலவை, தரையில் வெளிப்புறம் சரியும் கான்கிரீட் மேடை, பூட்டக்கூடிய மூடி. சிமென்ட் துளைக்குழாய் வரை இறங்கிவிட்டால் நீரின் பி.எச். 11, 12 என்று எகிறும். அப்படிப்பட்ட கிணறு பயனற்றது. வருத்தப்படாமல் வேறு கிணறு போட்டுவிடுங்கள்.

துளையிடும் இயந்திரத்தின் கம்பிகளில் கிரீஸ் இல்லாமல் நீராவியால் கழுவச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் தண்ணீர் தெளியும் வரை இறைத்து, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டே முதல் மாதிரி எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எதைச் சோதிப்பது?

ஒவ்வொரு முறையும் நூறு பொருள்களைச் சோதிப்பது பணத்துக்குக் கேடு. எல்லாச் சுற்றிலும் ஒரு சிறிய பட்டியல், ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பட்டியல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சிறிய பட்டியலில் முதலிடம் குளோரைடுக்கு. அது மண்ணில் ஒட்டாது, சிதையாது, நீரோடு நீராக நடக்கும். முன்னால் வரும் தூதன் அதுதான். அம்மோனியா களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பின்தங்கி வரும். அதனால் அம்மோனியா இல்லை என்பதைக் கசிவு இல்லை என்று படிக்கக் கூடாது. மின்கடத்துத்திறன், பி.எச்., கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை, சோடியம், பொட்டாசியம், நைட்ரேட், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, போரான், வேதி ஆக்சிஜன் தேவை (கரிமப் பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவு) ஆகியவற்றைச் சேர்த்தால் பட்டியல் பெரும்பாலும் நிறைவாகிவிடும். இரும்பும் மாங்கனீசும் குப்பையிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. கசிவுநீரில் உள்ள கரிமப் பொருள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும், மண்ணில் உறைந்திருந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து எழுகின்றன. சில இடங்களில் கூடவே ஆர்சனிக்கும் வரும். பெரிய பட்டியலில் கன உலோகங்கள், பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள்.

குளோரைடு தனியாக உயர்ந்தால் கிடங்கின் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். கழிவறைக் குழி, உரம், உப்பங்கழி, கடல்நீர் எல்லாமே அதை உயர்த்தும். வயல் உரம் என்றால் நைட்ரேட்டும் சேர்ந்து ஏறும். கசிவுநீர் என்றால் ஆக்சிஜன் இல்லாத நிலையில் நைட்ரேட் காணாமல் போய், அம்மோனியாவும் காரத்தன்மையும் இரும்பும் கூட வரும். எந்தப் பொருளும் தனியாகச் சாட்சி சொல்லாது, கூட்டத்தைப் பாருங்கள். காரத்தன்மை ஏறி, பி.எச். இறங்கி, குளோரைடு மட்டும் அசையாமல் இருந்தால், வந்திருப்பது கசிவுநீர் அல்ல, கிடங்கு வாயுவாக இருக்கலாம். அந்த வாயு நீரோட்டத்துக்கு எதிராகவும் மண்ணுக்குள் நகரும். மேல்திசைக் கிணற்றில்கூடக் கரைப்பான் தடங்களை விட்டுச் செல்லும்.

ஆறாம் படி: மாதிரி எடுக்கும் நாள்

சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கான கிணற்றில் முடியுங்கள். முதல் வேலை, எதையும் உள்ளே இறக்குவதற்கு முன் நீர்மட்டத்தை அளப்பது.

குழாயில் தேங்கி நிற்கும் நீர் நிலத்தடி நீர் ஆகாது. காற்றோடு பழகிக் கெட்டுப்போன நீர் அது. பழைய வழக்கம், குழாயில் உள்ள அளவைப்போல மூன்று மடங்கு இறைப்பது. 50 மில்லிமீட்டர் குழாயில் 8 மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 16 லிட்டர். மூன்று மடங்கு 47 லிட்டர். அதே உயரத்துக்கு 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் 190 லிட்டரை நெருங்கும். மாசுபட்ட அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கசிவுநீர்த் தொட்டியில் கொட்ட வேண்டும், தரையில் அல்ல. எனக்குப் பிடித்தது மெதுவாக இறைக்கும் முறை: பம்பைத் துளைக்குழாயின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை, நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி எடுப்பது. கருவியில் அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை பி.எச். 0.1-க்குள், மின்கடத்துத்திறன் 3 விழுக்காட்டுக்குள், கரைந்த ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்குள் நின்றால் மாதிரி எடுக்கலாம். கயிற்றில் கட்டிய பெய்லரை (நீர் மொள்ளும் குழாய்) 'தொப்' என்று போட்டு இழுத்தால் அடி வண்டல் கலங்கி, உலோக அளவுகள் பொய்யாக ஏறும்.

ஆவியாகும் சேர்மங்களுக்கான 40 மில்லிலிட்டர் குப்பிகளை முதலில் நிரப்புங்கள். விளிம்பில் நீர் பூரித்து நிற்கும் வரை மெல்ல ஊற்றி, மூடி, தலைகீழாக்கித் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி ஏறினாலும் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு குப்பியை எடுங்கள். இந்தக் குப்பிகளில் பாதுகாப்புக்கு அமிலம் இடுவது வழக்கம். கசிவுநீர் கலந்த நீரில் பைகார்பனேட் மிகுதி என்பதால் அமிலம் பட்டதும் சோடாபோல நுரைக்கும். அப்போது அமிலம் இல்லாத குப்பியில் எடுத்து, 14 நாளுக்குப் பதில் 7 நாளுக்குள் பகுப்பாய்வு செய்யச் சொல்ல வேண்டும்.

இரும்பு விஷயத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. கிணற்றிலிருந்து பளிங்குபோல வரும் நீரை ஒரு பாட்டிலில் வைத்துவிட்டு அடுத்த கிணற்று வேலையை முடித்துத் திரும்பினால், அது தேநீர் நிறத்துக்கு மாறி, அடியில் துருப்பொடி படிந்திருக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீழ்ந்துவிட்டது. ஆர்சனிக் இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு வீழ்ந்தது. அதன் பிறகு வடிகட்டினால் இரண்டும் வடிதாளில் தங்கிவிடும், அறிக்கை 'சுத்தம்' என்று வரும். கரைந்த உலோகங்களுக்கான மாதிரியைக் கிணற்றடியிலேயே, பம்புக் குழாயோடு இணைத்த 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக எடுத்து, உடனே நைட்ரிக் அமிலம் இட்டுப் பி.எச்.சை 2-க்குக் கீழே இறக்குங்கள். அம்மோனியாவுக்கு சல்ஃபூரிக் அமிலம். நைட்ரேட்டுக்கு அமிலம் வேண்டாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். எல்லாப் பாட்டில்களும் பனிக்கட்டிப் பெட்டியில், 4 டிகிரி அளவில்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, அதாவது அதே கிணற்றில் அதே நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி: காய்ச்சி வடித்த தூய நீரைக் களத்தில் திறந்து, அதே குப்பியில் ஊற்றி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புவது. இதை வீண் செலவு என்று வெட்டுபவர்கள் உண்டு. ஒருமுறை கீழ்த்திசைக் கிணறுகள் நான்கிலும் பென்சீன் வந்தது. எல்லோரும் பதறினார்கள். வெற்று மாதிரியைப் பார்த்தால் அதிலும் பென்சீன். பம்பை ஓட்டிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் காற்று வரும் பக்கமாக நான்தான் நிறுத்தியிருந்தேன். வெற்று மாதிரி இல்லாமல் போயிருந்தால், அந்தப் புகை இன்றும் யாராவது ஒருவரின் அறிக்கையில் நிலத்தடி மாசாக உட்கார்ந்திருக்கும்.

ஏழாம் படி: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மேலே போட்ட வேகக் கணக்கே விடை. ஆண்டுக்கு 29 மீட்டர் என்றால் மூன்று மாதத்தில் நீர் 7 மீட்டர் நகரும். வாரந்தோறும் எடுப்பது அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் காலாண்டுக்கு ஒருமுறை எடுத்தால் அடிப்படை அளவுகள் எட்டு கிடைக்கும். பிறகு, நீர் மெதுவாக நகரும் இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். கிடங்கை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்க விதிகள் மூடிய பிறகும் 30 ஆண்டுகள் கேட்கின்றன.

எட்டாம் படி: எண்களைப் படிப்பது

அறிக்கை வந்ததும் முதலில் நேர் அயனிகளையும் (சோடியம் போன்றவை) எதிர் அயனிகளையும் (குளோரைடு போன்றவை) மின்னூட்ட அளவில் தனித்தனியே கூட்டிப் பாருங்கள்; இரண்டும் ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் எங்கோ தவறு, ஆய்வகத்தைக் கேளுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்பதைச் சுழியம் என்று அட்டவணையில் ஏற்றாதீர்கள். கண்டறியும் வரம்பு 0.005 என்றால் '0.005-க்குக் குறைவு' என்றே எழுதுங்கள்.

அடுத்து ஒப்பீடு. ஒரு கிணற்றின் முதல் எட்டுக் குளோரைடு அளவுகள் 38, 41, 36, 44, 40, 39, 43, 37. சராசரி ஏறக்குறைய 40, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.8. சராசரியோடு மூன்று மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் 48. ஒன்பதாவது முறை 62 வந்தால்? குடிநீர் வரம்பு 250-ஐப் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். இந்தக் கிணற்றின் சொந்த வரலாற்றைப் பார்ப்பவருக்கு அது அபாய மணி. குடிநீர் வரம்பு, குடிக்கலாமா என்ற கேள்விக்கானது; கசிகிறதா என்ற கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது.

ஆனால் இருபது கிணறு, பதினைந்து பொருள் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் முந்நூறு ஒப்பீடுகள். நூற்றுக்கு ஒன்று தற்செயலாகத் தவறினாலும் மூன்று பொய் மணிகள் அடிக்கும். அதனால் மணி அடித்த கிணற்றில், அதே முறையில், சில வாரங்களுக்குள் மறுமாதிரி எடுப்பதை விதியாகவே எழுதிவையுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் காலவரைபடம் வரைந்து, நீர்மட்டத்தையும் அதே தாளில் போடுங்கள். மழைக்குப் பின் மட்டும் ஏறி இறங்குவது ஒரு கதை. பருவம் பார்க்காமல் படிப்படியாக ஏறுவது வேறு கதை.

ஒன்பதாம் படி: மறுமாதிரியும் அதையே சொன்னால்

கீழ்த்திசையில் உள்ள குடிநீர்க் கிணறுகளை அன்றே சோதனைப் பட்டியலில் சேர்த்து, அவற்றைப் பயன்படுத்துவோருக்கு முடிவு வரும்வரை காத்திராமல் தகவல் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிட வேண்டும். கொதித்தால் உப்பும் உலோகமும் இன்னும் செறிவாகும். பிறகு பெரிய பட்டியல் முழுவதையும் சோதித்து, மணி அடித்த கிணற்றுக்கு இருபுறமும், அதற்கு அப்பாலும், ஆழத்திலும் கூடுதல் கிணறுகள் போட்டு மாசு நாக்கின் நீள அகலத்தைக் கண்டறிய வேண்டும். அருகே கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் இருந்தால், மேல் அடுக்கு மாசு ஆழத்து நீருக்கு இறங்கும் குறுக்குவழி அவைதான். அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் கலந்த சிமென்ட் குழம்பை நிரப்பி அவற்றை அடைத்துவிட்டு, அடைத்த தேதியையும் ஆழத்தையும் கிணற்றுப் பதிவேட்டில் எழுதுங்கள்.